இரட்டை வாய் மரை

அபராயிரானில், கடலுக்கு முதுகு காட்டிய கொட்டகை.
எலுனெட் பிராசர் லேத்தின் வேகத்தைக்
குறைக்கிறாள், குறைக்கிறாள்,
சுழல்வது கண்ணுக்குத் தெரியும்வரை.

மரம் பாக்ஸ்வுட்.
பெட்டிக்கென்றே பேர்வைத்த மரம்.
தேவாலய வேலியில் புழு விழுந்து வெட்டிப்போட்டதை
நாலு வருஷம் பரணில் காயவைத்திருந்தாள்.
நெய்யுறைந்த மஞ்சள்;
அடியிலிருந்து நுனிக்கு ஒரேயொரு சாம்பல் வரி,
பென்சில் கோட்டை விரலால் தேய்த்ததுபோல.

கேட்டவர் இட்வால்.
முப்பத்தொரு வருஷம் பால் லாரி ஓட்டியவர்.
லாரி போய்விட்டது; கைகள் மட்டும் இன்னும்
ஏதோ ஒரு மோசமான சாலையில்
போய்க்கொண்டிருக்கின்றன.
மருந்துக்கடை பிளாஸ்டிக் டப்பா
திறந்தால் வெடிக்கிறது. போன மாதம்
மாத்திரைகள் சமையலறையெங்கும் உருள,
நாய் இரண்டைத் தின்று
புதன்கிழமை முழுக்கத் தூங்கியது.
"விழுந்தால் திறக்கக் கூடாது.
நான் திறந்தால் திறக்கணும்."
அவ்வளவுதான் ஆர்டர்.

முதலில் மூடி.
குடைந்து, விளிம்பைச் சாய்வாகச் சீவி,
உள்ளே கடைசியில் ஒரு பள்ளம்,
மரைச்சீப்பு ஓடிவந்து மூச்சு வாங்க.
எஃகுச் சீப்பு, ஐந்து பல்.
மற்றதெல்லாம் கை.
மரம் ஒரு சுற்றுச் சுற்றினால்
சீப்பு ஒரு பல் தூரம் உள்ளே போகணும்,
கூடவும் கூடாது, குறையவும் கூடாது.
காற்றில் இரண்டு வட்டம் போட்டுப் பார்த்தாள்.
தொட்டாள்.

மரை என்றால் பழைய தமிழில் ஒரு மான்.
எலுனெட்டுக்கு அது தெரியாது.
ஆனால் பல் பட்டதும் துள்ளியது,
ஒரே சுற்றில் இரண்டு பல் தூரம்.
நிறுத்திப் பார்த்தால்
ஒன்றே வளைந்து வளைந்து போகவில்லை;
இரண்டு பள்ளங்கள்
பக்கத்தில் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தன.
இரட்டை வாய். புதிதாய்ப் பழகுகிறவர்கள் செய்கிற பிழை.
வெல்ஷில் ஒரு வார்த்தை சொன்னாள்.
அதை நான் எழுதப்போவதில்லை.

சுரண்டி எறிய உளியை எடுத்தவள்
எடுத்தபடி நின்றாள்.

இரண்டு வாய் என்றால்
மூடி இரண்டு இடத்தில் பிடிக்கும்.
தடுமாறும் விரலுக்குத் தேடல் பாதி.
மூன்று சுற்றில் திறப்பது
ஒன்றரையில் திறந்துவிடும்.
விழுந்தால்?
விழட்டுமே.

ஆகவே அடிப்பெட்டியிலும் அதே பிழை வேண்டும்.
வம்பு இங்கேதான்.
முதல் தடவை கை ஒழுங்காகப் போய்
அருமையான, ஒற்றையான, உதவாத மரை.
கழுத்தை அறுத்துவிட்டு மறுபடி.
அடுத்தது குடிகாரன் நடை.
அறுக்க அறுக்கப் பெட்டி குட்டையாகிறது.
தபால் கொண்டுவந்த மாரெட் கேட்டாள்:
தப்பாகச் செய்யவா இத்தனை பாடு?
மரை கழன்ற கேஸ் என்று
வண்டியேறும்போது நினைத்திருக்கலாம்.

மூன்றாவது முறை
வானொலியில் படகுகளுக்கான வானிலை ஓட,
மனசு அந்தக் காற்றோடு எங்கோ இருக்க,
துள்ளியது.

மூடியை வைத்துத் திருகினாள். இறங்கியது.
உள்ளிருந்த காற்று கடைசியில்
சின்னதாய் ஒருமுறை வழிவிட்டது.
இனி அந்தச் சாம்பல் வரி.
தோளில் ஒரு மயிரிழை சீவி, மூடிப் பார்த்து,
இன்னொரு மயிரிழை சீவி,
கீழ்க்கோடும் மேல்கோடும் ஒரே கோடாகும்வரை.
அதுவும் ஒரு வாயில்தான்.
மற்ற வாயில் மூடினால்
மேல்கோடு பின்பக்கம் போய்விடும்.
அவரிடம் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மார்ச்சில் இட்வால் வீட்டில் தேநீர்.
பதினொன்று பத்துக்கு அலாரம்.
ஒன்றரைச் சுற்று, ஒரு மாத்திரை, ஒரு மடக்கு.
மூடும்போது நடுக்கமே உதவுகிறது:
தட்டித் தட்டி ஏதோ ஒரு வாயைக்
கண்டுபிடித்துவிடுகிறது.
பெட்டியைச் சர்க்கரைக் கிண்ணத்தருகே வைத்தார்.

சாம்பல் கோடு மூடிவரை வந்து
நின்றுபோயிருந்தது.
மிச்சம் அந்தப் பக்கம், சன்னலைப் பார்த்தபடி.

எலுனெட்டின் விரல்கள் மேசைமேல் கொஞ்சம் நகர்ந்தன.
பிஸ்கட் எடுத்துக்கொண்டாள்.